குளிர்சாதனப் பெட்டியில் காத்திருக்கும் பிரசாதம்

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, வேலூர் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி, பேரேரி ஒன்றைத் தன்னகத்தே கொண்டு விளங்கும் சிற்றூர் தாமல். வராகீஸ்வரர், தாமோதரப் பெருமாள் என இரு திருக்கோயில்கள் இவ்வூருக்கு அணி செய்கின்றன. தாமம் என்றால் கயிறு. உதரம் என்றால் வயிறு. வயிற்றில் கயிற்றால் கட்டுண்டவன் ஆதலால் கண்ணனுக்குத் தாமோதரன் என்று திருநாமம். அந்தக் கயிறு எதற்காகக் கட்டப்பட்டது என்பதை அன்பர்கள் அறிவார்கள்.

ஸ்ரீமத் பாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தத்தில் வரும் அந்த நிகழ்ச்சியை ஓர் இல்லத்தரசியின் கண்கொண்டு ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். யசோதை தயிர் கடைந்துகொண்டிருக்கிறாள். குழந்தை பசியோடு வருகிறது. மடியில் இருத்திப் பால் கொடுக்கிறாள். அடுப்பில் வைத்த பால் பொங்குகிறது. குழந்தையை இறக்கிவிட்டு ஓடுகிறாள். சினமுற்ற கண்ணன் தயிர்ப்பானையை உடைத்துவிட்டு உள்ளே சென்று, உறியில் இருந்த வெண்ணெயை எடுத்துக் குரங்குகளுக்கு வழங்குகிறான். பால் அடுப்பில், தயிர் பானையில், வெண்ணெய் உறியில் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் வகுத்திருந்த வீடு அது. எது எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை அறிந்து வைக்கப்பட்ட இடங்கள் அவை.

நம் பாட்டிமார் காலம் வரை அந்த உறி நம் வீடுகளிலும் தொங்கிக்கொண்டிருந்தது. எறும்பும் பூனையும் எட்டாத உயரம், நாற்புறமும் காற்றோட்டம், தரையின் ஈரமும் அடுப்பின் அனலும் படாத இடம். இதற்கு மேல் உறியிடம் எவரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. காலையில் வைத்ததை இரவுக்குள் எடுத்துவிட வேண்டும் என்பது யாரும் சொல்லாமலே கடைப்பிடிக்கப்பட்ட விதி. இன்று உறி இருந்த இடத்தில் குளிர்சாதனப் பெட்டி நிற்கிறது. பொருள் மாறியதோடு விதியும் மறந்துபோயிற்று என்பதே இக்கட்டுரையின் கவலை.

குளிர்ச்சி நம் நாட்டுக்கு வந்த வரலாறு சுவையானது. அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் குளிர்காலத்தில் உறைந்துபோகும் ஏரிகளிலிருந்து பனிக்கட்டியை வெட்டியெடுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி, 1833இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார் பிரெடரிக் டியூடர் என்ற வணிகர். சென்னைக்கு வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக 1842இல் கடற்கரையோரம் கட்டப்பட்டதே ஐஸ் ஹவுஸ். இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் முறை வந்ததும் அந்த வாணிகம் நின்றது. கட்டடம் கைமாறி, வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்காரின் இல்லமாயிற்று. மேலை நாடுகளிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் தங்கியது அந்த இல்லத்தில்தான். அதன்பின் சுவாமி ராமகிருஷ்ணானந்தர் அங்கே பல ஆண்டுகள் தங்கிப் பணி செய்தார். பனிக்கட்டிக் கிடங்கு இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது.

1958இல் கோத்ரெஜ் நிறுவனம் இந்தியாவிலேயே குளிர்சாதனப் பெட்டி தயாரிக்கத் தொடங்கியது. எனினும் நடுத்தரக் குடும்பங்களுக்கு அது எட்டுவதற்கு மேலும் பல ஆண்டுகள் ஆயின. நான் வங்கிப் பணியில் சேர்ந்த காலத்தில் 'ஃப்ரிட்ஜ்' வாங்கக் கடன் கேட்டு வருவோர் இருந்தார்கள். தவணை முடிந்த அன்று இனிப்போடு வந்து நன்றி சொன்னவர்களும் உண்டு. அத்தனை அருமையாக வீட்டுக்குள் வந்த பொருள், இன்று பல முதியவர்களின் வீட்டில் திறக்கும்போதே முகம் சுளிக்க வைக்கும் பெட்டியாக இருப்பதைக் காண்கிறேன்.

காரணம் சோம்பல் அன்று. பெரும்பாலும் பக்திதான் காரணம்.

கோயிலுக்குத் தவறாமல் செல்லும் ஒரு குடும்பத்தின் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பாருங்கள். சனிக்கிழமை வாங்கிய புளியோதரை ஒரு தொன்னையில். பிரதோஷத்தன்று கிடைத்த தயிர்சாதம் ஒரு கிண்ணத்தில். யாரோ பழநிக்குப் போய்வந்து கொடுத்த பஞ்சாமிர்தம், மூடி சரியாக மூடப்படாமல். அர்ச்சனைத் தேங்காய் மூடிகள் ஐந்தாறு, ஓரத்தில் வழுவழுப்பு ஏறி. கறுத்துப்போன வாழைப்பழங்கள். அம்மன் கோயில் எலுமிச்சம்பழங்கள். வாடிய மாலையின் ஒரு துண்டு. இவற்றுக்கு நடுவே பால், தோசைமாவு, மூன்று நாள் சாம்பார், மருந்து.

எங்கள் பகுதியில் தனியே வசிக்கும் மூதாட்டி ஒருவர் சென்ற நவராத்திரியின்போது இரண்டு நாள் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டு, உடலில் நீர் வற்றி, நாக்கு உலர்ந்த நிலையில் அழைத்துச் சென்றார்கள். சென்னையிலிருந்து ஓடி வந்த மகள் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து ஒரு கிண்ணத்தை வெளியே எடுத்தாள்.

"அம்மா, இந்தச் சுண்டல் என்னைக்கு வாங்கினது?"

"வெள்ளிக்கிழமை. நேத்து கொஞ்சம் சாப்பிட்டேன்."

"நாலு நாள் ஆச்சேம்மா! வாசனையே சரியில்லையே?"

"தெரிஞ்சுது. அம்பாள் பிரசாதம்டி. குப்பையில போட மனசு வருமா?"

அந்தக் கேள்விக்கு மகளிடம் பதில் இல்லை. பக்கத்தில் நின்ற எனக்கும் அப்போது உடனே பதில் தோன்றவில்லை. பிரசாதத்தை எறிவது அபசாரம் என்று சிறு வயதிலிருந்து நம் மனத்தில் பதிந்திருக்கிறது. ஆகையால் எறிய மனமின்றிக் குளிர்பெட்டியில் வைக்கிறோம். வைத்ததை மறக்கிறோம். நினைவு வந்தபின், கெட்டுவிட்டது என்று தெரிந்தும், அபசாரத்துக்கு அஞ்சி உண்கிறோம். இந்தச் சங்கிலியை எந்த இடத்தில் அறுப்பது?

திருக்கோயில் மடைப்பள்ளியே இதற்கு வழிகாட்டி. மடைப்பள்ளியில் அன்றைக்கு வேண்டியது அன்று சமைக்கப்படுகிறது. நிவேதனம் ஆகிறது. உடனே பகிர்ந்தளிக்கப்படுகிறது. நேற்றைய பொங்கலைச் சூடாக்கி இன்று நிவேதனம் செய்யும் வழக்கம் எங்கும் இல்லை. சமைத்து நெடுநேரம் ஆறிக் கிடந்ததும், சுவை போனதும், நாற்றமெடுத்ததும், பழையதுமான உணவு தாமச குணத்தினர்க்கே உவப்பானது என்று பகவத் கீதை 17ஆம் அத்தியாயத்தின் 10ஆம் சுலோகம் உரைக்கிறது. அதற்கு அங்கே 'யாதயாமம்' என்றொரு சொல் ஆளப்பட்டுள்ளது. யாமம் என்பது மூன்று மணி நேரம். ஒரு யாமம் கடந்த உணவு என்று அதற்குப் பொருள் உரைப்பார்கள். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது என்று இன்றைய உணவுப் பாதுகாப்பு அறிஞர்கள் சொல்வதும் ஏறத்தாழ அந்த அளவிலேயே வந்து நிற்கிறது.

பிரசாதத்துக்கு உரிய மரியாதை, கையில் வாங்கிய அன்றே அதை உண்பதும் பகிர்வதும்தான் என்பது என் துணிபு. ஒரு தொன்னை பொங்கலைத் தனியாக உண்ண இயலாதபோது, கோயில் வாயிலிலேயே பாதியை இன்னொருவர் கையில் கொடுத்துவிடலாம். எதிர்வீட்டுக் குழந்தைக்குக் கொடுக்கலாம். "எனக்கு ஒரு பிடி போதும்" என்று பிரசாதம் வழங்குபவரிடம் சொல்வதில் குறைவொன்றும் இல்லை. ஒரு பிடி ஆனாலும் ஒரு குண்டான் ஆனாலும் அது பிரசாதமே. மீறிக் கெட்டுப்போனால், கால் படாத இடத்தில், மரத்தடி மண்ணைத் தோண்டிப் புதைத்துவிடலாம்; மண்ணுக்கு உரமாகும். பசுவுக்கு வைத்துவிடலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது தவறு. கெட்ட உணவு பசுவுக்கும் கேடுதான். கெடாத பொங்கலானாலும், சோறு மிகுதியாகச் சென்றால் பசுவின் இரைப்பையில் அமிலம் பெருகி உயிருக்கே ஆபத்தாக முடியும் என்று கால்நடை மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள்.

இனி, எல்லாப் பிரசாதமும் ஒரே தன்மையுடையன அல்ல என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தார்கள். காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியை நினைத்துப் பாருங்கள். மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் மாவை ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைக்கிறார்கள். மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம் ஆகியவற்றோடு நெய்யோ நல்லெண்ணெயோ தாராளமாகச் சேர்கிறது. மாவின் புளிப்பும், சுக்கு மிளகின் காரமும், நீண்ட நேரம் வெந்த பக்குவமும் சேர்ந்து அதைச் சாதாரண இட்லியைவிட அதிக நேரம் தாங்கச் செய்கின்றன. நடைப்பயணமாகவும் மாட்டு வண்டியிலும் வந்த சேவார்த்திகள் ஊர் திரும்பும் வழியில் உண்பதற்கு ஏற்ற உணவு அது. புளியோதரைக்குப் புளியும் எண்ணெயும் காவல். அதிரசம், முறுக்கு போன்றவற்றில் ஈரம் குறைவு. பழநிப் பஞ்சாமிர்தத்தில் தண்ணீரே சேர்ப்பதில்லை. வெல்லம் அல்லது சர்க்கரையும் தேனும் வாழைப்பழத்தைக் கெடாமல் காக்கின்றன. ஈரக் கரண்டியை விட்டால் அந்தக் காவல் உடைந்துவிடும். ஆகவே உலர்ந்த கரண்டி மட்டுமே. திருப்பதி லட்டும் அதிரசமும் முறுக்கும் குளிர்பெட்டிக்கு உரியவை அல்ல. காற்றுப் புகாத டப்பாவில் வெளியில் வைப்பதே சரி. குளிரில் வைத்தால் நெய் உறைந்து சுவை போகும். அடுத்திருக்கும் பெருங்காய வாசனையும் ஏறும்.

அஞ்ச வேண்டியவை சுண்டல், சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல், தயிர்சாதம் ஆகியவை. இவற்றில் ஈரம் அதிகம். சோற்றில் ஒரு நுண்கிருமி உண்டு; அதன் விதை போன்ற வித்துகள் கொதிக்கும் நீரிலும் சாவதில்லை. சோறு ஆறி மணிக்கணக்கில் வெளியே கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. "நன்றாகச் சூடு பண்ணிவிட்டேன், ஒன்றும் செய்யாது" என்று நாம் சொல்லிக்கொள்வது இந்த ஓரிடத்தில் பொருந்தாது. கோயிலில் எத்தனை மணிக்குச் சமைத்தார்கள், எவ்வளவு நேரம் ஆறிக் கிடந்தது என்பது நமக்குத் தெரியாதபோது, வீட்டுக்குக் கொண்டுவந்து குளிரில் வைப்பதால் கடந்த நேரம் திரும்பி வரப்போவதில்லை. அபிஷேகப் பாலும் தயிரும் அப்படியே. ஓர் உத்தரணி அளவு பக்தியோடு ஏற்கத் தக்கவை. பாத்திரத்தில் வாங்கிச் சேமிக்கத் தக்கவை அல்ல.

உணவில் கிருமிகள் மிக வேகமாகப் பெருகுவது 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில். குளிர்சாதனப் பெட்டியின் உள்ளே 5 டிகிரிக்குக் கீழும், உறைபெட்டியில் கழித்தல் 18 டிகிரியும் இருக்க வேண்டும். அந்தக் குளிரிலும் கிருமிகள் இறப்பதில்லை. மெதுவாகப் பெருகுகின்றன, அவ்வளவே. லிஸ்டீரியா என்ற கிருமி குளிரிலும் வளரக்கூடியது. முதியவர்களையே அது கடுமையாகத் தாக்குகிறது. முப்பது வயதில் வயிற்றுவலியோடு போகும் ஒன்று எழுபது வயதில் படுக்கையில் தள்ளிவிடும்.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 'போக்' என்ற பெயரில், வழிபாட்டுத் தலங்களில் வழங்கப்படும் பிரசாதத்தின் தூய்மைக்குச் சான்றளிக்கும் திட்டத்தை நடத்துகிறது. தமிழகத் திருக்கோயில்கள் பலவும் அந்தச் சான்றைப் பெற்றுள்ளன. மடைப்பள்ளி சான்று பெற்றிருக்க, அங்கிருந்து வாங்கி வந்ததை நம் வீட்டில் கெடவிடுவது முறையாகுமா?

இனிப் பெட்டியை ஒழுங்கு செய்யும் முறைக்கு வருவோம். வங்கியில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றியவனுக்குத் தேதி இல்லாத எதையும் நம்பும் பழக்கம் போய்விடுகிறது. காசோலைக்கு முன்பு ஆறு மாத ஆயுள் இருந்தது. 2012 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி அதை மூன்று மாதமாகக் குறைத்துவிட்டது. நம் வீட்டுச் சாம்பாருக்கு இரண்டு நாள் போதும் என்று நாமே ஓர் ஆணை பிறப்பித்துக்கொள்ளலாம். சோற்றுக்கு ஒரு நாள். சட்னிக்கும் ஒரு நாள். ஒவ்வொரு டப்பாவின் மீதும் ஒரு சிறு தாள் ஒட்டி, வைத்த தேதியைக் கொட்டை எழுத்தில் எழுத வேண்டும். கண்ணாடி போடாமல் படிக்கும் அளவுக்குப் பெரிதாக. எங்கள் வீட்டில் பழைய நாள்காட்டித் தாளையே கிழித்து ஒட்டுகிறோம். தேதி அதிலேயே அச்சாகி இருக்கிறது, எழுதும் வேலையும் மிச்சம். புதியதைப் பின்னாலும் பழையதை முன்னாலும் வைத்தால் முன்னால் வந்தது முதலில் செலவாகும்.

சூடான பாத்திரத்தை அப்படியே உள்ளே வைக்கக் கூடாது. மணிக்கணக்கில் ஆறவிடவும் கூடாது. அகலமான பாத்திரத்தில் கொட்டி, அந்தப் பாத்திரத்தைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் இருத்தினால் அரைமணிக்குள் சூடு தணிந்துவிடும். பின்பு மூடி உள்ளே வைக்கலாம். எடுக்கும்போது வேண்டிய அளவை மட்டும் எடுத்துச் சூடாக்க வேண்டும். முழுப் பாத்திரத்தையும் சூடாக்கித் திரும்ப உள்ளே வைப்பதை மூன்று முறை செய்தால், மூன்று முறையும் கிருமிக்கு விருந்து வைத்தவர்கள் ஆவோம்.

மேல் தட்டு சமைத்த உணவுக்கு. காய்கறியும் கீரையும் கீழ் இழுப்பறையில். மண் ஒட்டியவை சமைத்தவற்றுக்கு மேலே இருக்கக் கூடாது. பெட்டியிலேயே அதிகச் சூடு உள்ள இடம் கதவு. அங்கே பாலை வைக்கும் வழக்கத்தைப் பலர் விடுவதில்லை. ஊறுகாய், பெருங்காயம், தண்ணீர் பாட்டில் போன்றவற்றுக்கே கதவு ஏற்றது. பால் நடுத்தட்டில் உட்புறமாக இருக்கட்டும். தோசைமாவு குளிரிலும் மெல்லப் பொங்கும் என்பதால் பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்க வேண்டும். உருளைக்கிழங்கும் வெங்காயமும் வாழைப்பழமும் உள்ளே வரவே வேண்டியதில்லை. பெட்டியைத் திணித்து நிரப்பினால் குளிர்காற்று சுழல இடமிராது. மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம் விடுவது நலம்.

பூஜைக்கு உரியவற்றுக்குத் தனித்தட்டு ஒன்றை ஒதுக்குவது நல்ல வழக்கம். நாளைய திருமஞ்சனத்துக்கான பால், தொடுத்த பூ, வெற்றிலை, துளசி, வில்வம் ஆகியவை மூடியுள்ள டப்பாவில் அங்கே இருக்கட்டும். வெங்காயம் பூண்டு சேர்த்த உணவின் வாசனை அவற்றில் ஏறாது. ஆசாரம் காப்போருக்கு மனக்குறையும் இராது. வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றி வைத்தால் நாலைந்து நாள் வாடாது. ஆனால் சார்த்திக் களைந்த மாலையை உணவுப் பொருளோடு வைக்கலாகாது. பூவில் பூச்சிமருந்தும் சிறு பூச்சிகளும் இருக்கக்கூடும்.

அர்ச்சனைத் தேங்காயைப் பற்றி ஒரு வார்த்தை. மூடியாகவே வைத்தால் மூன்றாம் நாள் வழுவழுக்கும். உடைத்த அன்றே துருவி, சிறு பொட்டலங்களாகக் கட்டி உறைபெட்டியில் வைத்தால் ஒரு மாதம் வரை சமையலுக்கு உதவும். வெயில் நல்ல வெயிலாக இருந்தால் மாடியில் உலர்த்திக் கொப்பரையாக்கிவிடலாம்.

முதியவர் வாழும் வீட்டில் எல்லாவற்றையும்விட முதன்மையானது மருந்து. திறக்காத இன்சுலின் குப்பியை 2 முதல் 8 டிகிரி வரையான குளிரில் வைக்க வேண்டும். உறையவிடவே கூடாது. ஒருமுறை உறைந்து உருகிய இன்சுலின் பார்வைக்கு நன்றாக இருக்கலாம். ஆனால் அதன் வலிமை போயிருக்கும். ஊசி தவறாமல் போட்டும் சர்க்கரை ஏறுகிறதே என்று குழம்புவோர், இன்சுலின் பெட்டியின் பின்சுவரை ஒட்டியோ உறைபெட்டியின் கீழோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கேதான் குளிர் மிகுதி. கதவில் வைத்தாலும் நன்றன்று. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வெளிச்சூடு படும். கண்மட்டத்தில் உள்ள தட்டில், மூடியுள்ள சிறு டப்பாவில், பின்சுவரிலிருந்து தள்ளி வைப்பதே சரியான இடம். பயன்பாட்டில் உள்ள குப்பியை வெளியில் எத்தனை நாள் வைக்கலாம் என்பது மருந்துக்கு மருந்து மாறும். பெரும்பாலானவற்றுக்கு ஏறத்தாழ நான்கு வாரம். திறந்த தேதியைக் குப்பியின் மீதே எழுதிவிடுவது நல்லது. கண் சொட்டுமருந்துக்கும் இது பொருந்தும்.

தினம் வேண்டியவை மார்பு உயரத்தில் இருந்தால் குனிய வேண்டாம், தலைசுற்றலும் வேண்டாம். கனமான பாத்திரத்தை மேல்தட்டில் ஏற்றி, எடுக்கும்போது காலில் போட்டுக்கொண்டவர்களை நான் அறிவேன்.

தூய்மை செய்ய நாள் பார்க்க வேண்டுமா என்று கேட்டால், பார்க்கலாம் என்பேன். ஏகாதசியைவிட இதற்குச் சிறந்த நாள் இல்லை. தசமி இரவோடு மிச்சங்களைத் தீர்த்துவிட்டால், ஏகாதசியன்று அடுப்பு ஓய்ந்திருக்கிறது. பெட்டியும் ஏறக்குறையக் காலி. துவாதசிப் பாரணைக்குப் புதிதாகச் சமைத்தவை தூய பெட்டிக்குள் செல்லும். மாதம் இருமுறை தானாகவே அமையும் ஒழுங்கு இது. சைவக் குடும்பத்தினர் பிரதோஷத்தை வைத்துக்கொள்ளலாம். அதுவும் மாதம் இருமுறை வருவதே. உபவாசம் இருப்போர் காலையிலேயே செய்து முடிப்பது நலம். அல்லது பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம்.

முதலில் மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். தட்டுகளைக் கழற்றி, கண்ணாடித் தட்டானால் குளிர் விட்டபின், வெதுவெதுப்பான நீரில் கழுவலாம். உட்சுவரை, ஒரு லிட்டர் நீரில் இரண்டு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து துணியால் துடைத்தால் நாற்றம் போகும்; வாசனைச் சோப்பு வேண்டாம். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையின் மடிப்பில்தான் கறுப்புப் பூஞ்சை குடியிருக்கும். பழைய பல்துலக்கியால் அங்கே தேய்க்க வேண்டும். பிறகு அந்தப் பட்டை இறுக்கமாக மூடுகிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று: ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, மெல்ல இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்துவிட்டால் பட்டை தளர்ந்திருக்கிறது, மாற்ற வேண்டும்.

உறைபெட்டியில் படிந்த பனியைக் கத்தியால் சுரண்டுவது பெருந்தவறு. உள்ளே ஓடும் மெல்லிய குழாயில் துளை விழுந்தால் வாயு வெளியேறும். இக்காலத்துப் பெட்டிகளில் பெரும்பாலும் ஆர்-600ஏ என்ற எரியக்கூடிய வாயு பயன்படுகிறது. இடமில்லாத வீடுகளில் குளிர்சாதனப் பெட்டியின் மேலேயே சுவாமி படம் வைத்து விளக்கேற்றுவதைக் கண்டிருக்கிறேன். படத்துக்கும் அது உரிய இடம் அன்று, விளக்குக்கும் அன்று. சுவரில் ஒரு சிறு பலகை அடித்து மாற்றிவிடுவது நல்லது.

பெட்டியின் பின்புறம், அடியில், உருகிய நீர் வந்து சேரும் தட்டு ஒன்று இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல நீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும். மழைக்காலத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கு வந்து, முதலில் மாடித்தொட்டியையும், அடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்தையும் பார்ப்பது அதனால்தான். இதற்கு ஏகாதசி வரை காத்திருக்கலாகாது. வாரம் ஒருமுறை, மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, தட்டைக் கழற்ற முடிந்தால் கழற்றிக் கொட்டித் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். கழற்ற முடியாத வகையானால் பழந்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பெட்டியைத் தாமே நகர்த்த முதியவர்கள் முயலக் கூடாது. பால் போடும் பையனிடம் ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு நிமிடத்தில் செய்துவிடுவான். சக்கரம் பொருத்திய தாங்கி வாங்கிவிட்டால் அந்தத் தொல்லையும் இல்லை.

கடைசியாக மின்தடை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபின் சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. திறக்காமல் வைத்தால் பெட்டி ஏறத்தாழ நான்கு மணி நேரம் குளிரைக் காக்கும். உறைபெட்டி நிறைந்திருந்தால் இரண்டு நாள் வரை, பாதியானால் ஒரு நாள். ஆகவே மின்சாரம் நின்றதும் கதவைத் திறந்து திறந்து பார்ப்பதை விட வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு மேல் போனால், பாலை நீக்கிவிட வேண்டும். சமைத்த உணவையும் நீக்கிவிட வேண்டும். இன்சுலினை ஒரு சிறு மண்பானையில் இட்டு, அதைத் தண்ணீர் நிறைந்த மற்றொரு பெரிய மண்சட்டியில் இருத்தி, ஈரத்துணியால் மூடி, காற்றோட்டமான நிழலில் வைக்கலாம். குப்பிக்குள் நீர் புகாதபடி நெகிழிப் பையில் கட்டி இட வேண்டும். சட்டியில் நீர் குறையக் குறைய ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். மின்சாரம் வந்ததும் குப்பியைப் பெட்டியில் அதே இடத்தில் வைத்துவிட்டு, எத்தனை மணி நேரம் வெளியில் இருந்தது என்பதை மருத்துவரிடமோ மருந்துக்கடைக்காரரிடமோ சொல்லி, தொடரலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.